நூல் பிடித்தாற்போல்

நிறத்தை நம்பாதே.
இலவங்கப்பட்டை நிறத்தில் கருங்கரடி உண்டு.
கன்னங்கரேலென்ற கிரிஸ்லியை நானே பார்த்திருக்கிறேன்.
மழையில் நனைந்துவிட்டால் எல்லாம் ஒரே இருட்டு.
காலைப் பார்.

முன்னங்கால்.
பெருவிரலின் அடியில் நூலை வை,
உள்ளங்காலின் மேல்விளிம்பை உரசி
மறுபக்கம் வரை இழு.
சுண்டுவிரல் நூலுக்கு மேலே நின்றால் கிரிஸ்லி,
கீழே சரிந்தால் கருங்கரடி.
கிரிஸ்லிக்கு விரல்கள் ஒட்டி ஒட்டி, நேராக.
கருங்கரடிக்கு விலகி, வில்லாய் வளைந்து.
நகம் குத்திய இடம்
விரலைவிட்டு வெகுதூரம் முன்னால் என்றால்
நூல் எதற்கு,
வந்த வழியே போ.

இன்னொன்று:
கரடிக்குப் பெருவிரல் வெளிப்பக்கம்.
சுண்டுவிரல்தான் உள்ளே.
உன் காலை வைத்து அதைப் படித்தால்
இடதை வலது என்பாய்.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
மொன்டானாவில், மலை முடிந்து
கோதுமை தொடங்கும் இடத்தில்,
பதினோரு வருடமாக.

வியாழன் மாலை ஹால்வர் பிரெக்கி படம் அனுப்பினான்.
மூன்று தேன்பெட்டிகள் போய்விட்டன.
சட்டங்கள் புல்லில் சிதறிக் கிடந்தன.
ஓடைச் சேற்றில் ஒரே ஒரு தடம்,
நகம் இருக்கவேண்டிய இடத்தை
மாடு மிதித்துக் கலக்கியிருந்தது.
குறுக்கே ஒரு நீல நூல்.
மனைவியின் தையல்பெட்டியிலிருந்து எடுத்திருப்பான்.
நூலுக்குக் கீழே, தெளிவாக, ஒரு சிறு குழி.

கருங்கரடி என்றால் அவனிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது.
கிரிஸ்லி என்றால் சட்டம் குறுக்கே நிற்கும்.

'கருங்கரடிதான்' என்று பதில் போட்டுவிட்டு
சூப்பைச் சூடாக்கினேன்.

உருளைக்கிழங்கு சூப். அதுகூட நினைவிருக்கிறது.
பாதிக் கிண்ணத்தில்
ஏதோ ஒன்று நெருட,
படத்தைப் பெரிதாக்கி
முள்கரண்டியால் எண்ணினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
வரிசை முடியும் இடத்தில் ஒரு நெட்டிலிங்க இலை,
மஞ்சள், ஈரம்.
இலையின் நடுவே மெல்ல அமுங்கிய ஐந்து.
அப்புறம், கீழே, தனியே,
நான் சுண்டுவிரல் என்று படித்த அந்தக் குழி.

ஆறு.

எந்தக் கரடிக்கும் ஆறு விரல் கிடையாது.
ஆறாவது வேறொரு காலுடையது,
அம்மாவின் தடத்தில் ஓரமாகப் பட்ட
குட்டி ஒன்றின் விரல்.
இலையை எடுத்துவிட்டுப் பார்த்தால்
நூல் பிடித்தாற்போல் ஐந்து.

அவன் போனை எடுக்கவில்லை.
தேன் பக்கம் போனால் யாருக்குத்தான் சிக்னல்.

முப்பத்தோரு மைல்.
வழியெல்லாம் சன்னலைத் திறந்துவைத்து
காதை வெளியே நீட்டி ஓட்டினேன்,
ஒரு வெடிச்சத்தத்துக்கு முன்னால்
போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுபோல.

கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.
துப்பாக்கி மடியில்.
என் விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினான்.

'வந்ததா?'

'வந்தது.'

'சுட்டாயா?'

தேன் ஒட்டிய விரல்களைக்
கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

'கறுப்பு என்று நீ சொன்னாய்.
நான் கறுப்பா பழுப்பா என்று பார்க்கவில்லை.
இரண்டு என்று பார்த்தேன்.'

வண்டியின் விளக்கிலேயே மின்வேலி கட்டினோம்.
இரண்டு மணி ஆயிற்று.
கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது
சத்தமில்லாமல் என் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தேன்:
பெருவிரல் உள்ளே, சுண்டுவிரல் வெளியே.

காலையில் ஓடைக்குப் போய்
அந்த இலையை எடுத்தேன்.
அறிக்கையில் 'இனம்' என்ற கட்டத்தில்
அடித்து எழுதினேன்.
'எப்படி உறுதி செய்யப்பட்டது' என்ற கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.